மாலை போட்டு அனுப்பி வைத்தவர்

எமர்ஜென்சி காலத்தில், மாநில ஆட்சியைக் கலைத்த பிறகு, ராயபுரத்தில் யூனியன் ஆட்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். அவரையும் பிடித்தார்கள். எங்கள் தெருமுனை டீக்கடையில் நின்றிருந்தவரை வந்து வேனில் ஏறச் சொன்னார்கள். மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டு ஏறிக்கொண்டார். வாரண்ட் எங்கே என்று கேட்கவில்லை. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை. வாயே திறக்கவில்லை.

தெருவில் அன்று முழுக்க இதே பேச்சுதான். பிடித்துக்கொண்டு போனது யாருக்கும் ஆச்சரியமில்லை. அந்த மனுஷன் ஒன்றும் கேட்காமல் போனதுதான் யாருக்கும் புரியவில்லை. "இன்னாடி ரோசி, சட்டம் ஊமையாப் பூட்டாரு?" என்று எதிர்வீட்டு அக்கா என்னிடம் வந்து கேட்டாள். எனக்குக் காரணம் தெரியும். சொல்லவில்லை.

அவர் பெயரை இங்கேயும் சொல்லப்போவதில்லை. அவருடைய அண்ணன் பிள்ளைகள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதற்குத் தொல்லை. தெருவில் அவருக்குச் 'சட்டம்' என்றுதான் பெயர். நான் மாமா என்று கூப்பிடுவேன். என் அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அப்பா கப்பலில் சாமான் இறக்கும் வின்ச்சை ஓட்டினார். மாமா டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டியையும் மூட்டையையும் எண்ணி எழுதுகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. வெள்ளைச் சட்டை, அதன் பையில் ஏதாவதொரு விதிப்புத்தகம் துருத்திக்கொண்டிருக்கும்.

எந்தச் சமாச்சாரத்தைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்க எழுதிக்கீது?" எழுதியிருந்தால் அது நடந்த மாதிரி. எழுதவில்லையென்றால் அது நடக்காத மாதிரி. ரயிலுக்குக் காத்திருப்பார், வண்டி வராது. நாங்கள் எல்லோரும் ரயில்வேக்காரனைத் திட்டிக்கொண்டிருப்போம். அவர் டைம்டேபிளைப் பார்த்துவிட்டு, "வண்டி பூட்டுது. நாமதான் கவனிக்கல" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்ப்பேன். இல்லை, நிஜமாகத்தான் சொல்வார்.

காசிமேட்டில் மீன் வாங்கப் போனால் விலை எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பார். மீன்காரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "வா சாமி, வா. மீனு முதுகுலயே எழுதிகினு கரை ஏறுது, நீ படிச்சிப் பாத்து வாங்கினு போ" என்பாள். சுற்றியிருக்கிற கூடைக்காரிகளெல்லாம் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அடுத்த வாரமும் அதையேதான் கேட்பார்.

எங்கள் தெருக் குழாயடிக்கு விதிகள் எழுதிப் பக்கத்துச் சுவரில் ஒட்டியதும் அவர்தான். பச்சைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முதலில் தண்ணீர், வயசானவர்களுக்கு அடுத்து, ஒரு முறைக்கு ஒரு குடம். நல்ல விதிகள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் வந்த அன்றைக்கே இரண்டு பெண்கள் கட்டிப் புரண்டார்கள். மாமா நடுவில் நின்று விதியை உரக்க வாசித்தார். ஒருத்தி குடத்தால் அவர் தோளில் ஒன்று போட்டாள். தோளைத் தடவிக்கொண்டே வாசித்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். "பாவம், தெரியாம அடிச்சிட்டா. அவளுக்குப் படிக்கத் தெரியாது" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் படிக்கத் தெரியும். பங்குக்கோவிலில் ஞாயிறு வாசகம் வாசிப்பதே அவள்தான்.

இவ்வளவு கேலி செய்கிறேனே தவிர, எங்கள் வீட்டில் அவரை யாரும் ஒரு வார்த்தை குறைத்துப் பேசமாட்டோம். காரணம் இருக்கிறது.

அப்பாவுக்கு விபத்து நடந்த வருஷம் நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி சப்ளை செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட். வின்ச்சின் கயிறு நைந்திருக்கிறது என்று அப்பா பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் கயிறு அறுந்தது. அப்பாவின் வலது கை நசுங்கிப் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீட்டோடு இருந்துகொள் என்று சொல்லிவிட்டார்கள். வேலையில் அடிபட்டவனுக்கு அவனால் முடிகிற வேலையைத் தரவேண்டும் என்று ஒரு விதி இருப்பதை மாமா கண்டுபிடித்தார். தினமும் ஷிப்டுக்கு முன்னால் அந்த ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு அந்த ஒரே விதியை வாசிப்பார். காவல்காரன் தள்ளுவான். சற்று நகர்ந்து நின்று மறுபடி வாசிப்பார். ஆபீசர்கள் சிரிப்பார்கள். அதற்கும் வாசிப்பார். கடைசியில் அவர் தொந்தரவு தாங்காமல் அப்பாவுக்கு கேட்டில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அந்த நாற்காலிதான் எங்களுக்குப் பல வருஷம் சோறு போட்டது.

எழுத்து ஜெயித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் அவரைப் பைத்தியம் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டு மாடியில் காலியாக ஓர் அறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் அங்கே மாமா வகுப்பு எடுப்பார். துறைமுகத் தொழிலாளிகள், ரயில்வே ஒர்க்ஷாப் ஆட்கள், திருவொற்றியூர் பக்கத்து மில்லிலிருந்து இரண்டு பேர் என்று ஏழெட்டுப் பேர் வருவார்கள். பாடம், ஒரு சோசலிச நாட்டின் அரசியல் சட்டம். எந்த நாடு என்று சொல்லிப் பயனில்லை; இன்று தேசப்படத்தில் அந்தப் பெயரில் நாடே கிடையாது. அந்தச் சட்டத்தை அவர்களே தமிழில் போட்டு, வழவழப்பான தாளில் சிவப்பு அட்டையோடு அனுப்பிவைத்திருந்தார்கள். மாமா ஒவ்வொருவரையும் எழுப்பி ஒரு ஷரத்தை வாசிக்கச் சொல்வார். வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டவேண்டும். எங்கள் கோவிலில்கூட வாசகத்துக்கு அவ்வளவு பக்தி கிடையாது.

"நம்ம சட்டத்துல வேலை குடுக்கணும்னு ஒரு மூலைல எழுதிக்கீறாங்க தோழரே. அடுத்த வரிலயே, இதுக்காக நீ கோர்ட்டுக்குப் போவக்கூடாதுன்னும் எழுதிட்டாங்க. இது இன்னா நியாயம்? அங்க பாருங்க. வேலை உன்னோட உரிமை. ஓய்வு உன்னோட உரிமை. வாயைத் தொறந்து பேசறது உரிமை. ஆபீசர் தப்பு பண்ணா அவன் மேல புகார் எழுதறதும் உரிமை."

அப்பா சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு தடவை கேட்டார், "அதெல்லாம் சரி நைனா. அங்க அதக் குடுக்கலன்னா கோர்ட்டுக்குப் போலாமா?"

மாமா புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலும் பின்னாலும் புரட்டினார். பிறகு சொன்னார், "போவ வேண்டிய தேவையே வராது அண்ணே. அங்கதான் எழுதினது நடந்துடுதே."

ஓட்டுச்சீட்டில் ஒரே பெயர்தான் இருக்குமாமே என்று நானும் ஒருநாள் மாடிப்படியில் நின்று கேட்டேன். எல்லோருக்கும் ஒருவரையே பிடித்திருக்கும்போது இன்னொரு பெயர் எதற்கு என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கீழே இறங்கிப் போய்த் துணி துவைத்தேன்.

எமர்ஜென்சிக்குச் சில வருஷம் முன்னால், அந்த நாட்டுக் கப்பல் ஒன்று இயந்திரங்கள் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தபோது மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கெங்கோ அலைந்து அனுமதி வாங்கி, கப்பல்காரர்களுக்கு எங்கள் மாடியில் ஒரு வரவேற்புக் கூட்டம் வைத்தார். மாலுமிகள் ஐந்தாறு பேர் வந்தார்கள். கூடவே சாம்பல் நிற கோட்டு போட்ட ஓர் அதிகாரி. அவர் கப்பலை ஓட்டுகிறவரும் இல்லை, இன்ஜின் பார்க்கிறவரும் இல்லை. அவர் சிரித்தால் மாலுமிகள் சிரித்தார்கள், எழுந்தால் எழுந்தார்கள். எலுமிச்சை ஜூஸும் முறுக்கும் கொடுத்தோம். மாமா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவர்கள் நாட்டு அரசியல் சட்டத்தைப் பற்றி அவர்களுக்கே பேசினார். பேச்சுரிமை, புகார் செய்கிற உரிமை, ஒன்றையும் விடவில்லை.

ஒரு பையன் மட்டும் முறுக்கைத் தொடவில்லை. இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும், வைக்கோல் நிறத் தலைமயிர். மற்றவர்கள் சிரித்தபோது அவன் சிரிக்கவில்லை. மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் அவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். தனியாக வந்திருந்தான். ரயில்வே கேட்டிலிருந்து வழி கேட்டு நடந்தே வந்திருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அம்மா அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். சட்டம் பேசிய மனிதர் வேண்டும் என்றான். அப்பா கொருக்குப்பேட்டைக்குப் போய் மாமாவை அழைத்து வந்தார்.

கப்பல்காரர்களின் ஓட்டை இங்கிலீஷ் எனக்கு ஆபீஸ் பழக்கத்தில் புரியும். அவன் சொன்னதை நான்தான் எல்லோருக்கும் சொன்னேன். அவன் இன்ஜின் அறையில் வேலை செய்கிறவன். அவனோடு வேலை செய்த சிநேகிதன் ஒருவன், நீராவிக் குழாய் வெடித்து வெந்து செத்துவிட்டான். குழாய் துருப்பிடித்திருந்தது முன்னாலேயே எல்லோருக்கும் தெரியும். ஆனால், அவன் குடித்துவிட்டு வேலை பார்த்ததால் செத்தான் என்று கப்பலில் எழுதிவிட்டார்கள். இவன் குழாயின் நிலைமையைச் சொல்லித் தன் நாட்டு மந்திரி ஆபீசுக்கு ஒரு புகார் எழுதினான். அந்தப் புகார் சுற்றிக்கொண்டு கப்பலுக்கே, அந்தச் சாம்பல் கோட்டுக்காரர் கைக்கே வந்துவிட்டது. ஊர் போய்ச் சேர்ந்ததும் தன்னைப் பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்றான். இதே மாதிரி போனவர்கள் யாரும் திரும்பிவந்து அவன் பார்த்ததில்லை. கப்பல் செவ்வாய்க்கிழமை கிளம்புகிறது. அதுவரை ஒளித்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் என் பாடு என்று மாமாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிடுவதை எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டானோ.

அப்பா தன் நசுங்கின கையைப் பார்த்துக்கொண்டே, "கயிறு நைஞ்சிகீதுன்னு நானும்தான் சொன்னேன்" என்றார்.

அம்மா உடனே, "பங்குச் சாமியாராண்ட சொல்லலாம். கோவிலுக்குள்ள எவன் வந்து தேடுவான்? மூணு நாளு தானே" என்றாள்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் பயமில்லை, கவலையில்லை. சந்தோஷம் இருந்தது. 

"எதுக்கு ஒளியணும்?" என்றார். "புகார் எழுதறது அவனோட உரிமை. எழுதிக்கீது. அவன் தப்பே பண்ணலியே. ஒளிஞ்சிகினா இல்ல குத்தவாளி ஆவான்?"

"மாமா, அவன் அந்த ஊர்க்காரன். அவனுக்குத் தெரியாதா?" என்றேன்.

"அவனுக்கு இன்னா தெரியும், சின்னப் பையன். எவனோ ஒரு ஆபீசரு மெரட்டிக்கீறான். மொதலாளி நாட்டுக் கப்பலா இருந்தா நானே இட்டுகினு போய் ஒளிச்சி வெப்பேன், ரோசி. இது அப்படியில்ல. அவங்களுக்கு ஞாபகப்படுத்தினாப் போதும்."

பையிலிருந்து சிவப்புப் புத்தகத்தை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் தமிழெழுத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். அட்டையிலிருந்த சின்னத்தை விரலால் தடவினான். பள்ளிக்கூடத்தில் இதை நாங்கள் மனப்பாடம் செய்வோம், நான் நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன் என்றான். நான் அதை மாமாவுக்குச் சொன்னேன். "பாத்தியா!" என்று பூரித்துப் போனார். அவன் எந்தக் குரலில் அதைச் சொன்னான் என்பதை நான் எப்படி மொழிபெயர்ப்பேன்?

அன்று ராத்திரி அவன் மாடி பெஞ்சில் படுத்துக்கொண்டான். காலையில் எல்லோருமாக யோசிக்கலாம், அதுவரை எதுவும் செய்யவேண்டாம் என்று அப்பா மாமாவிடம் சொல்லி அனுப்பினார். மாமாவும் தலையாட்டிவிட்டுத்தான் போனார்.

காலையில் நாங்கள் இரண்டாம் பூசைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அவர் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த சட்டை, தலைக்கு எண்ணெய், நெற்றியில் வியர்வை. கையில் ஒரு தாள்.

விடிந்ததும் நேராகக் கப்பலுக்கே போயிருக்கிறார்! டாலி கிளார்க் என்பதால் கேட்டில் யாரும் தடுக்கவில்லை. சாம்பல் கோட்டுக்காரரைப் பார்த்து, உங்கள் ஆள் எங்களிடம் பத்திரமாக இருக்கிறான், இன்ன ஷரத்தின்படி அவன் செய்தது குற்றமில்லை, அவன்மேல் நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் மாமாவை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு, கப்பல் முத்திரையும் வைத்துக் கொடுத்திருக்கிறார்.

"முத்திரை, அண்ணே! கேட்டதும் குடுத்துட்டாங்க. அந்த நைஞ்ச கயித்துக்கு நம்மாளுங்க எவனாவது கையெழுத்துப் போட்டானா?"

அப்பாவுக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "அட பாவி, வூட்டைக் காட்டிக் குடுத்துட்டு வந்துகீறியே!" என்று கத்தினார்.

"காட்டிக் குடுக்கறதா? தோழருங்க கூடவே வந்துகீறாங்க, இட்டுகினு போக" என்றார் மாமா. தெருமுனை டீக்கடையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் நின்றிருந்தார்கள். தெருவுக்கு வேறு வழியில்லை. பின்னால் ரயில்வேயின் உயரமான மதில்.

இதற்குள் வகுப்புக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். மாமா படியில் நின்றுகொண்டு அவர்களுக்கு விஷயத்தைச் சொன்னார். இன்றைக்குப் பாடம் கிடையாது, இத்தனை நாள் படித்ததை இன்றைக்கு நேரில் பார்க்கப்போகிறோம் என்றார். தாளைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லோரும் பார்த்தார்கள். ஒர்க்ஷாப் ஆள் ஒருவர் ஓடிப்போய்க் கோவில் வாசல் பூக்கடையிலிருந்து பெரிய சாமந்தி மாலை வாங்கி வந்தார்.

நான் மாடிக்குப் போனேன். அவன் ஜன்னலோரம் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. மதிலைக் காட்டி, ஏற முடியுமா என்று கேட்டேன். தலையை அசைத்தான். பெஞ்சில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டினான். ஒரு காலைக் கட்டி முடித்துவிட்டு, மறுபடி அவிழ்த்து, இன்னும் இறுக்கமாகக் கட்டினான். சட்டம் பேசிய அந்த மனிதர் கெட்டவரா என்று என்னைக் கேட்டான். இல்லை என்றேன். அவனும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னான்.

கீழே வந்ததும் மாலையைப் போட்டார்கள். கைதட்டினார்கள். எங்கள் சந்திலிருந்து துறைமுக கேட் வரை ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாழ்க, வாழ்க என்று கோஷம் வேறு. நான் வாசல்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் மாலையோடு அவன், இரண்டு பக்கமும் அந்த இரண்டு பேர், முன்னால் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மாமா. அந்த இரண்டு பேரும்கூடக் கைதட்டிக்கொண்டே போனார்கள். மீன்கூடைக்காரிகள் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

கப்பலின் ஏணி வரைக்கும் மாமாவை விட்டிருக்கிறார்கள். ஏணியடியில் மாலையைக் கழற்றி மாமா கையிலேயே கொடுத்துவிட்டு, கைகுலுக்கிவிட்டு மேலே ஏறிப் போனார்களாம். மாலையோடு திரும்பி வந்தார். "மரியாதையாக் குடுத்தாங்க" என்றார். அதை மாதா படத்துக்குப் போடச் சொல்லி அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கப்பலில் வேலை இருந்தது. மாமா அவனைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறான் என்றார்கள். அதற்கடுத்த நாள் கேட்டார். யாரைக் கேட்கிறீர்கள் என்றார்கள். சாம்பல் கோட்டுக்காரர் அன்றைக்கும் காப்பி கொடுத்தார். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிட்டது. மாமா துறைமுகச் சுவரில் நின்று, அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்துவிட்டு வந்ததாக அப்பா சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் மாடியில் வகுப்பு நடக்கவில்லை. வருகிறவர்களிடம் உடம்பு சரியில்லை என்பார். அவர்களும் விட்டுவிட்டார்கள்.

ஆனால் எழுதுவதை விடவில்லை. அந்த நாட்டுத் தூதரகத்துக்கு, மாலுமிகள் சங்கத்துக்கு, மந்திரிக்கு என்று எழுதிக்கொண்டே இருந்தார். டைப் அடித்துக் கொடுத்தது நான்தான். அவன் பெயர், கப்பலின் பெயர், ஷரத்து, முத்திரை வைத்த தாளின் நகல். அவன் நலமாக இருக்கிறானா என்று ஒரே ஒரு கேள்வி. ஒவ்வொரு தடவையும் ஆபீசில் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அடிப்பேன். அடிக்கும்போது அவர்மேல் ஆத்திரம் பொங்கும். அழுகையும் வரும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அடித்தேன்.

பல மாதம் கழித்து ஒரு பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாடிப்படி பக்கம் திரும்பவில்லை. நேராக அடுப்படிக்கு வந்து நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார். கடிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நல்ல தடித்த தாள். எங்கள் நாட்டின்மேல் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி என்று இருந்தது. தாங்கள் குறிப்பிட்ட பெயரில் யாரும் அந்தக் கப்பலில் எந்தக் காலத்திலும் வேலை பார்க்கவில்லை என்று இருந்தது. கூடவே, அரசியல் சட்டத்தின் புதிய பதிப்பு ஒன்றும் அனுப்பியிருந்தார்கள்.

"படிச்சியா?" என்றார்.

"படிச்சேன்."

"அப்படி ஒருத்தன் வேலையே பாக்கலியாம்."

 எழுதிக்கீது என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அன்றைக்கு மட்டும் அவர் அதைச் சொல்லியிருந்தால் நான் அவரை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லியிருப்பேன்.

 அவர், "ரோசி, அவன் எப்படி இருந்தான்? நீ பாத்தேல்ல, சொல்லேன்" என்றார்.

சொன்னேன். முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் தட்டைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டுதான் சாப்பிட்டான். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தும் வைக்கச் சொல்லி வைக்கச் சொல்லிச் சாப்பிட்டான். அம்மாவின் ஜெபமாலையைப் பார்த்துவிட்டு, தன் அம்மாவிடமும் இதேபோல் ஒன்று இருக்கிறது, மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றான்.

"இன்னொரு தபா சொல்லு" என்றார்.

மறுபடி சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே, "ஊறுகா கேட்டு வாங்கித் துன்னான். அதயும் சொல்லு" என்றாள். அதையும் சொன்னேன்.

மாமா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, புதிய புத்தகத்துக்குள் வைத்து, இரண்டையும் தரையில் தள்ளி வைத்தார். 

"வந்தான்" என்றார். "இந்த வூட்டுக்கு வந்தான். சோறு துன்னான். நான்தான் மாலை போட்டு இட்டுகினு போய் வுட்டுட்டு வந்தேன்."